நான்காவது குறிப்பு

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை ஐந்தரை மணிக்கு, சபைக் கூடத்தின் வாசலில் பதினோரு பேர் வரிசையாக நின்று தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலையில் மூன்று நாள் மருத்துவ ஊழியம். புறப்படும் முன் காலணிச் சோதனை. சோதித்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். குழுவில் அவருக்கு லிஸ்ட் சார் என்று பெயர். உடை, காலணி, பாதை பற்றிய பதினான்கு குறிப்புகளை ஒன்பது வருடங்களாக அவர்தான் அடித்துக் கொடுக்கிறார். தளர்வான பருத்திச் சட்டை வேண்டும். ஜீன்ஸ் கூடாது, நனைந்தால் காயாது.

இளம் நர்ஸின் முன்னால் வந்து நின்றார்.

“என்னம்மா இது, பளபளன்னு?”

“நேத்துதான் வாங்கினேன் சார். முதல் தடவை வர்றேன், நல்லதா இருக்கட்டும்னு.”

“நாலாவது குறிப்பப் படிச்சீங்களா? புது ஷூ கூடவே கூடாதுன்னு போட்டிருக்கேன். மலையேறப் போறீங்களா, கல்யாணத்துக்கா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் வீட்டுக்குப் போய், அண்ணனின் தொளதொளத்த ஷூவை மாட்டிக்கொண்டு திரும்பினாள். வேன் இருபத்தைந்து நிமிடம் தாமதம். அவள் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

லிஸ்ட் சார் தன் காலைப் பார்த்தார். முனை தேய்ந்து, மண் அப்பி, பார்த்தால் பத்து வருடம் உழைத்தது போன்ற பூட்ஸ். அதற்கு வயது நான்கு நாள்.

விஷயம் இதுதான். லிஸ்ட் சார் இதுவரை மலைக்குப் போனதே இல்லை. குறிப்புகள் ஒரு பழைய கோப்பிலிருந்து எடுத்தவை. வருடத்துக்கு நான்கு குழுக்கள் போகும். ஒவ்வொரு குழுவும் அவர் வேறு ஏதோ குழுவோடு போனதாக நினைத்தது. அவரும் திருத்தவில்லை. இந்த வருடம் குழுத் தலைவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ‘அனுபவசாலி ஒருத்தர் போகட்டும்’ என்று கமிட்டி கைகாட்டியது இவரை.

புதன்கிழமை அவர் உப்புத்தாளால் பூட்ஸைத் தேய்ப்பதை மனைவி பார்த்தாள்.

“ஏங்க, புதுசப் போட்டு ஏன் இப்படித் தேய்க்கிறீங்க?”

“பழசாகணும்.”

“நடந்தா ஆகும்.”

“அதுக்கு ஆறு மாசம் வேணும்.”

தேய்த்தும் தோல் மரக்கட்டையாகவே இருந்தது. இளகட்டும் என்று ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தார். காய்ந்தது, அரை சைஸ் சுருங்கியும் போனது. அதற்குள் ஆறாவது குறிப்பின்படி தடித்த காலுறை இரண்டு.

அடிவாரத்தில் வேன் இறக்கிவிட்டது. முதல் குறிப்பு: வாகனம் போகாது, ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

இரண்டாவது கிலோமீட்டரில் குதிகால் எரிந்தது. பாறைக்குப் பின்னால் ஒதுங்கிப் பஞ்சு வைத்தார். இடம் போதாமல் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நான்காவதில் பவுடர் கொட்டினார். அது வியர்வையில் குழைந்து பசையானது. ஐந்தாவதில் காலுறையைக் கழற்றினார். அதன்பின் குதிகால் தோல் கழன்றது.

“சார், நொண்டுறீங்களா?” என்றார் பல் டாக்டர்.

“பின்னால வர்றவங்களுக்காக மெதுவாப் போறேன்.”

“உங்க பின்னால யாரு இருக்கா?”

நர்ஸ் மட்டும் இருந்தாள்.

முகாம் பள்ளிக்கூடத்தில். ஜனங்கள் தேய்த்த சட்டையும் சுத்தமான செருப்புமாக வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தாண்டி, இரண்டு பேர் கைத்தாங்கலாக லிஸ்ட் சாரை உள்ளே கொண்டுபோனார்கள். நோயாளிச் சீட்டில் முதல் எண் அவருடையது. பள்ளி வாட்ச்மேன் தரையில் அன்றைய செய்தித்தாளை விரித்து, வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்தார். நர்ஸ் கத்தரியால் பூட்ஸை வெட்டினாள்.

அவளது குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்த லிஸ்ட் சாருக்குத் தாங்கவில்லை.

“அம்மா, என் ஷூவும் புதுசுதான்.”

“தெரியும் சார். அடி வளைவுல பிளாஸ்டிக் விலை ஸ்டிக்கர் இன்னும் இருக்கு. நீங்க அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தெரிஞ்சுது.”

“ஏம்மா சொல்லல?”

“பத்துப் பேர் முன்னாலயா?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். லிஸ்ட் சாருக்குக் காது மடல் வரை சுட்டது. கால் எரிச்சல் அதற்கு எவ்வளவோ தேவலை.

“காலைல உங்களை அப்படிப் பேசினது தப்பு. இன்னொண்ணும் சொல்லிடுறேன். நான் இதுக்கு முன்னால இங்க வந்ததே இல்ல.”

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். பிறகு பஞ்சை நனைத்தாள்.

“ஆனா லிஸ்ட் பொய் இல்லம்மா,” என்றார் அவசரமாக. “முதல் குறிப்பு பாருங்க. வண்டி வராது, நடந்துதான் ஆகணும். அது நெசம்தானே?”

வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த வாட்ச்மேன் நிமிர்ந்தார்.

“அந்தப் பக்கமா ரோடு போட்டு ஏழு வருஷம் ஆச்சுங்களே. தினம் மூணு பஸ், ஸ்கூல் பின்வாசல்லதான் நிக்குது. நீங்கல்லாம் வருஷா வருஷம் காட்டுக்குள்ள நடந்து வர்றதப் பாத்து, ஏதோ வேண்டுதல் போலன்னு நாங்க யாரும் கேக்கல.”