சகலையும் லிவா பாலைவனமும்

பக்கத்து வீட்டுக்காரர் புது கார் வாங்கினால் ஒரு வாரத்தில் மனசு ஆறிவிடும். கூடப் படித்தவன் அமெரிக்கா போனால் ஒரு மாதம் ஆகும். சகலை முன்னேறினால் மட்டும் ஆறவே ஆறாது. ஒரே மாமனார் வீட்டுத் தராசில் எதிரெதிர்த் தட்டில் உட்கார வைக்கப்பட்டவர்கள் அல்லவா சகலைகள்? (எங்கள் தராசில் என் தட்டு எப்போதும் மேலேதான் இருக்கும். வெயிட் இல்லை என்று அர்த்தம்.)

என் சகலை செல்வராஜ் அண்ணன், அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், குவைத்தில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். மங்காஃபில் வீடு. நான் துபாயில் ஒரு டிரேடிங் கம்பெனியில் அக்கவுண்டன்ட், குடியிருப்பு ஷார்ஜாவில். டிஜிட்டல் கேமரா எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த காலம் அது. ஒரு பெருநாள் லீவுக்கு அவர் குடும்பத்தோடு எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். வந்ததும் பேரீச்சம்பழ டப்பாவைக் கொடுத்தார், சரி. அடுத்து கேமராவை எங்கள் டிவியில் சொருகினார். சனி அங்கேதான் பிடித்தது.

நமீபியா. ஆப்பிரிக்காவில் இருக்கிறதாம். ஆள் அரவமே இல்லாத பாலைவனத்தில், ஒரு கைடோடு, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். சிவந்த மணல்மேட்டில் தொப்பியோடு செல்வராஜ் அண்ணன். பட்டுப்போன மரத்தடியில் செல்வராஜ் அண்ணன். கூடாரத்துப் பக்கத்தில் பாம்பு போன தடத்தைச் சுட்டிக்காட்டியபடி செல்வராஜ் அண்ணன்.

"அத்தான், பயமா இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி கலா. அவள் கண் அப்படியே விரிந்திருந்தது.

நான் தினமும் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். அந்த ரோட்டைவிடவா ஆப்பிரிக்கா பயங்கரம்? ஒருநாள்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கண்ணை ஒரே ஒரு தடவை என் பக்கம் அப்படி விரிய வைத்துவிட வேண்டும். அதைத் தவிர வேறு ஆசையே அப்போது எனக்கு இல்லை.

"மணலப் பாக்கதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமாண்ணே? நம்ம லிவால இல்லாத மணலா? நாளைக் கழிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

லிவா என்பது அபுதாபிக்கும் அப்பால், சவுதி எல்லைப் பக்கம் விரிந்து கிடக்கிற பாலைவனம். அதுவரை அதை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலம் இத்ரிஸ் என்ற கைடு கிடைத்தார். சூடான்காரர், நல்ல உயரம், சொந்தமாக லேண்ட் க்ரூஸர் வைத்திருந்தார். நம்ம கைடும் ஆப்பிரிக்காதான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். கூடாரம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. அதோடு விட்டிருக்கலாம். செல்வராஜ் அண்ணன் விட்டால்தானே?

"நமீபியால அந்த கைடு மணலுக்குள்ள கங்கப் போட்டு ரொட்டி சுட்டுத் தந்தான் தம்பி. அடடா, என்ன ருசி!"

"ரொட்டி என்னண்ணே பெரிய ரொட்டி? நான் பாலைவனத்துல இட்லி அவிச்சுத் தாரேன்!"

கலா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"உங்களுக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா? இந்த வெயில்ல மாவு பொங்கி வழிஞ்சு அந்த மனுஷன் வண்டியே நாறிப்போயிரும்."

"மூடி இறுக்கமா இருந்தா எங்கிட்டு வழியும்?" என்றேன்.

வீட்டில் இருந்ததிலேயே இறுக்கமான மூடி பிரஷர் குக்கருக்குத்தான். மாவை அதில் கழுத்து வரைக்கும் ஊற்றி, கேஸ்கட் போட்டு மூடி, மேலே வெயிட்டையும் மாட்டினேன். உலகத்தில் வேறு யாருக்காவது இந்த யோசனை வந்திருக்குமா என்று பெருமையாக இருந்தது. (வரவில்லை. பிறகு நன்றாக விசாரித்துவிட்டேன்.)

போகிற வழியெல்லாம் முன்சீட்டில் செல்வராஜ் அண்ணன் உட்கார்ந்து, இத்ரிஸிடம் தன் நமீபியா பிரதாபத்தை அவிழ்த்துவிட்டார். "வல்லாஹ்! பஹுத் அச்சா, பாய்!" என்று இத்ரிஸ் மெச்சிக்கொண்டே வந்தார். கைடு நான் பிடித்த கைடு. ஏற்பாடு என் ஏற்பாடு. நானோ பின்னால் மூட்டைகளுக்கு நடுவில், மணல்மேட்டில் வண்டி ஏறி இறங்குகிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

சாயங்காலம் கூடாரங்கள் எழும்பின. எங்களுக்கு ஒன்று, சகலை குடும்பத்துக்கு ஒன்று. கலாவும் மதினியும், அதான் அவள் அக்காவும், பிள்ளைகளோடு சூரியன் மறைவதைப் பார்க்க மணல்மேட்டில் ஏறினார்கள். நாங்கள் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த இத்ரிஸ் திடீரென்று கையை உயர்த்தினார். செல்வராஜ் அண்ணனின் கூடாரத்துக்குள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் 'ஸ்ஸ்ஸ்'.

"சாம்ப், பாய்" என்றார் மெதுவாக. இந்தியில் பாம்பு. "அந்தர் மத் ஜாவ்."

உள்ளே போகாதே என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, செல்வராஜ் அண்ணன் லேண்ட் க்ரூஸரின் கூரை மேல் நின்றார். எப்படி ஏறினார் என்று இன்றுவரை தெரியாது. நமீபியா வீரர்! பாம்புத் தடத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டவர்! என் வாழ்நாளில் அவ்வளவு இனிப்பான காட்சியை நான் கண்டதில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துப் பெண்களும் கீழே வந்து சேர்ந்தார்கள்.

"பாம்பாம்" என்றேன், ஏதோ கொசுவைச் சொல்வதுபோல. கலா என்னைப் பார்த்தாள். கண் விரிய ஆரம்பித்தது.

இதைவிட நல்ல நேரம் இனி எப்போது வரும்? கூடாரம் கட்டி மீந்த கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன். இத்ரிஸ் "மாஃபி! மாஃபி!" என்று தடுத்தார். வேண்டாமாம். மதினியும் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். வீரன் எவன் இதையெல்லாம் காதில் வாங்குகிறான்? உள்ளே போனேன்.

மூலையில் செல்வராஜ் அண்ணனின் படுக்கைப் பை குவிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்துதான் சீறல். ஓங்கி ஒன்று போட்டேன். 'டங்' என்றது. பாம்பை அடித்தால் டங் என்று கேட்காது என்பது யோசிக்கிறவனுக்குத் தெரியும். பொறாமையில் வெந்துகொண்டிருப்பவன் எங்கே யோசிக்கிறான்? இன்னொன்று போட்டேன். ஏதோ ஒன்று என் காதை உரசிக்கொண்டு பறந்தது. (குக்கர் வெயிட். பிறகு அது கிடைக்கவே இல்லை.) மூன்றாவது அடியில் மூடி திறந்துகொண்டது. பகலெல்லாம் வெயிலில் புளித்து, வழியெல்லாம் குலுங்கி, வெளியே வர வழியில்லாமல் குமுறிக்கொண்டிருந்த இட்லி மாவு முழுவதும் என் மேல் வந்து இறங்கியது.

வெளியே வந்தேன். மூக்குக்கண்ணாடி முழுக்க மாவு, ஒன்றும் தெரியவில்லை. "பிஸ்மில்லாஹ்!" என்று இத்ரிஸ் பின்வாங்குவது மட்டும் கேட்டது.

"ஐயோ, அது மாவுன்னுதான தொண்டை கிழியக் கத்துனேன்!" என்றார் மதினி. எங்கள் கூடாரத்தில் வெயில் அடிக்கிறதே என்று குக்கரைத் தன் கூடாரத்துக்கு மாற்றி, மணல் படாமல் புருஷனின் படுக்கைப் பையால் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனசு. என்ன செய்ய?

கண்ணாடியைத் துடைத்தேன். கலா என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். கைகளை விரித்தேன். என்னைத் தாண்டி வண்டிப் பக்கம் போனாள்.

"அத்தான், ரொம்பப் பயந்துட்டீங்களா? மெதுவா இறங்குங்க, கீழ விழுந்துராதீங்க."

அப்புறம் காற்று வேறு கிளம்பி, மாவின் மேல் மணலும் ஒட்டிக்கொண்டது. குளிக்கத் தண்ணீர் கேட்டேன். "பீனே கா பானி, பாய். கலாஸ்" என்றுவிட்டார் இத்ரிஸ். குடிக்க மட்டும்தானாம், அவ்வளவுதானாம். சாப்பாட்டுக்கு அவரும் மணலுக்குள் கங்கு போட்டு ரொட்டி சுட்டார். அது நன்றாகவே இருந்து தொலைத்தது. நாசமாய்ப் போன படுக்கைப் பையைப் பார்த்துவிட்டு, "விடுங்க தம்பி, பொருள்தானே" என்றார் செல்வராஜ் அண்ணன். பெருந்தன்மையிலும் என்னைத் தோற்கடித்துவிட்டார்.

ஒரே ஒரு ஆறுதல் கிடைத்தது. அதற்குப் பிறகு சொந்தபந்தத்தில் யாரும் நமீபியாவைப் பற்றிக் கேட்பதில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் லிவா கதைதான். ஆனால் அதை என்னிடம் கேட்பதில்லை. நான் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பேன். "அண்ணாச்சி, அந்த மாவுக் கதையச் சொல்லுங்க" என்று செல்வராஜ் அண்ணனைத்தான் சுற்றி உட்காருவார்கள். அவரும் கூரையில் ஏறியதை விட்டுவிட்டு, நான் கம்பைத் தூக்கிய தோரணை, டங், நான் வெளியே வந்த கோலம் என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுவார். பந்தி பரிமாறுகிறவர்கள்கூட வாளியை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். மாவில் குளித்தவன் நான். கைதட்டல் அவருக்கு.

பொறுக்க முடியாமல்தான், என் கதையை நானே சொல்லிவிடுவது என்று இதை எழுதினேன். முடித்ததும் முதலில் கலாவிடம் கொடுத்தேன். முழுவதையும் பொறுமையாகப் படித்தாள். இரண்டு இடத்தில் லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது.

"நல்லாத்தான் இருக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். "ஆனா அத்தான் சொல்லிக் கேக்கணும்."