ஷார்ஜாவில் ஓடிய வெள்ளிமலை பஸ்

ஷார்ஜாவைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு சேர்த்துவைத்த ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர்தான். இரண்டு அரசாங்கத்துக்கும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அங்கே ஒரு சலவைக் கம்பெனியில் எட்டு வருடம் துணி தேய்த்தேன். எட்டு வருடமும் அவர் வேனில்தான் வேலைக்குப் போய் வந்தேன். ஆனாலும் அவர் பெயர் எனக்குத் தெரியாது. விசிட்டிங் கார்டில் இங்கிலீஷிலும் அரபியிலும் போட்டிருந்தது. நான் படித்த படிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று தேசத்து ஆட்களும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை ஏறும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஷார்ஜாவுக்கு டிரைவராக வந்து, முதலாளி கழித்துப் போட்ட ஓட்டை வேனை வாங்கி, அதைப் பன்னிரண்டு வேனாகப் பெருக்கினார். தொழிலாளிகளைத் தங்குமிடத்திலிருந்து வேலை இடத்துக்குக் கொண்டு விடுகிற கம்பெனி. ஏசி போட்ட ஆபீஸ், சுழல் நாற்காலி எல்லாம் வந்தன. கழுத்தில் தொங்கிய விசில் மட்டும் இறங்கவில்லை. ஆபீஸில் கணக்கப்பிள்ளை டீ கொண்டுவந்தால்கூட ஒரு விசில் கொடுத்துத்தான் நிறுத்துவார்.

அந்த ஊர்த் தெருப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று எல்லா நிறுத்தத்துக்கும் நம் ஊர்ப் பெயர்களையே வைத்துவிட்டார். மீன் மார்க்கெட் சங்கராபுரம். ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சி. டயர் கடைக்குப் பின்னாலிருந்த எங்கள் தங்குமிடம் எலவனாசூர்கோட்டை. விமான நிலையம் வெள்ளிமலை. ஏனென்றால் அங்கே போகிற பாலம் வளைந்து வளைந்து மேலே ஏறும்.

"கொண்டை ஊசி வருது, கம்பிய புடி!" என்பார். வேனிலிருக்கிற வங்காளியும் நேபாளியும் பயந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை லீவில் எல்லா வேனும் தருமத்துக்கு ஓடும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும், வேலை போனவனுக்குச் சோறு கொண்டு போகும். கொரோனா சமயத்தில் அடைந்து கிடந்த எங்களுக்குத் தினமும் அந்த வேனில்தான் சாம்பார் சாதம் வந்தது. அவருக்கு ஒரே சட்டம். ரோட்டில் ஆள் நின்றால் ஏற்ற வேண்டும்.

"ஏண்ணே, யாரு எவருன்னு தெரியாம ஏத்திக்கினு போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டேய், மல ரோட்டுல ஒருத்தன் நிக்கிறான்னா அடுத்த பஸ்சு நாளைக்கித்தான். நாம வுட்டுட்டுப் போனா அவன் எங்கடா போவான்?"

"இது மலை இல்லண்ணே."

"வெயில் ஜாஸ்தியா கீதே, அது போதாதா?"

அந்தச் சட்டத்தில் நானே மாட்டிக்கொண்டேன். என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இல்லாத வீடு. நானும் என் மனைவியும்தான் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். லீவு கிடைத்ததே முகூர்த்தத்துக்கு முதல் நாளில்தான். வெள்ளிக்கிழமை மதியம் விமானம். அதை விட்டால் கல்யாணத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும்.

கண்டக்டர் அனுப்புவதாகச் சொன்ன வேனுக்காகப் பெட்டியோடு டயர் கடை வாசலில் நின்றேன். வழக்கமான டிரைவர் லீவு. புதிதாகச் சேர்ந்த மலையாளத்து டிரைவர் போன் செய்தார்.

"சேட்டா, எவிட நிக்குன்னு?"

"எலவனாசூர்கோட்டைலங்க."

"அது ஷார்ஜாவிலோ?"

"ஷார்ஜாவுலதாங்க. டயர் கடை பக்கத்துல."

"அய்யோ, ஷார்ஜா முழுக்க டயர் கடையல்லே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருடம் குடியிருந்த இடத்தின் அசல் பெயர் எனக்குத் தெரியாது. போர்டையும் படிக்கத் தெரியாது. தொழுகை நேரம், கேட்க ஆள் இல்லை, டாக்சியும் இல்லை. முருகா, இருக்கிற இடம் தெரியாத ஒருவனை நீ எப்படிக் காப்பாற்றுவாய் என்று நின்றேன்.

விசில் சத்தம் கேட்டது. புது டிரைவர் போனில் கேட்டிருக்கிறார், கண்டக்டரே லுங்கியோடு வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாடா முழிக்கிற? ஏறு! ரைட்!"

பாதி வழியில் ஒருவர் பாத்திர மூட்டையோடு நின்றார். வேன் நின்றது. சங்கராபுரம் தாண்டி காலில் கட்டுப் போட்ட பட்டாணியர் ஒருவர் நின்றார். அவருக்கும் நின்றது.

"அண்ணே, ப்ளேன் போய்டும்ணே!"

"போவாதுடா."

"ப்ளேன் இன்னா ஒங்க பஸ்ஸாண்ணே, விசிலுக்கு நிக்கறதுக்கு?"

"அதையும் ஒரு மனுசன்தானே ஓட்றான். சும்மா கெட."

அடுத்து நீலச் சட்டை போட்ட ஒரு வங்காளி கை காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இவருக்காவது நிறுத்தாதீங்கண்ணே, என் தங்கச்சி கல்யாணம்ணே!" என்று கும்பிட்டேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். ஆனாலும் கால் பிரேக்கில்தான் போனது.

"மன்னிச்சிக்கடா. நிக்கிறானே."

வெள்ளிமலை ஏறி இறங்கினால், எந்த வாசல், எந்த வரிசை என்று ஒன்றும் புரியவில்லை. நீலச் சட்டைக்காரர் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். திருடன் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். அவர் அங்கே தரை துடைக்கிறவர், வேலைக்கு நேரமாகி நின்றிருக்கிறார். மூடப்போன கவுண்டரில் இருந்த அம்மாவிடம் இந்தியில் ஏதோ கெஞ்சினார். கடைசிப் பெட்டியாக என் பெட்டி உள்ளே போனது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். என்னைவிட அதிசயப்பட்டு, லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்ற கண்டக்டர் நீளமாக ஒரு விசில் அடித்தார். போலீஸ்காரர் அவரைப் பார்த்து நடந்தார்.

மறுநாள், அசல் எலவனாசூர்கோட்டையில், பழைய கோவிலில் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்தேன். ஊற்றிய தண்ணீரில் என் கண்ணீரும் கொஞ்சம் கலந்திருக்கும். பிறகு அர்ச்சனைத் தட்டோடு சன்னதிக்குப் போனேன்.

"யார் பேருக்கு?" என்றார் அர்ச்சகர்.

"கண்டக்டருங்க."

"பேரைச் சொல்லுப்பா."

"அதாங்க பேரு."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க. ரோட்ல ஆள் நின்னா வண்டிய நிறுத்துவாருங்க."

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு மந்திரத்தில் கண்டக்டரையும் ஏற்றிக்கொண்டார்.