பத்தாயிரம் வாலாவும் எங்கள் வீட்டு நாலு ஓட்டும்

தீப்பெட்டியைக் கையில் எடுப்பவளுக்குக் கொஞ்சமாவது பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. (பஸ் நிற்கும்வரை காத்திருக்க முடியாமல் இறங்கி, திருத்தங்கல் ஸ்டாப்பில் மண்ணைக் கவ்வியவள் நான்.) அப்படிப்பட்டவளை நம்பி ஒரு கட்சி வெடிச்சரத்தை ஒப்படைத்தது என்றால், தப்பு என்மேல் மட்டும் இல்லை.

அப்போது நாங்கள் நாலு திருநங்கைகள் திருத்தங்கலில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். எங்களை மகள்களாகத் தத்தெடுத்துக்கொண்ட மரகதம் அம்மா, பட்டாசு வேலைக்குப் போகும் தங்கம், தையல் கடை வைத்திருக்கும் செல்வி, அச்சாபீசில் பட்டாசு லேபிள் அடிக்கும் நான். தேர்தல் நெருங்கும் நேரம் பார்த்து வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். வேறு வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம், எங்களைப் பார்த்ததும் அந்த வீடு நேற்றுத்தான் வாடகைக்குப் போயிருக்கும். சர்க்காரிடம் இலவச மனைப் பட்டா கிடைத்தால்தான் விடிவு என்று நான் இருப்புக் கொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தபோது, வார்டுச் செயலாளர் பாண்டி அண்ணன் ஓட்டுக் கேட்டு வந்தார்.

"ஏம்மா ரேணு, உங்க ஆளுக ஓட்டு எல்லாம் ஒரே பக்கமாத்தான விழும்?"

"நான் சொன்னா அம்புட்டும் விழும்ணே. பட்டாவுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க."

சொல்லிவிட்டேன். நான் சொன்னால் எங்கள் வீட்டில் ரசத்துக்கு உப்புகூடப் போட மாட்டார்கள். அம்மா ஓட்டுப் போடுவது அவருடைய அப்பா போட்ட கட்சிக்கு. சின்ன வயதில் அவரை அடித்துத் துரத்தியதும் அதே அப்பாதான். ("வீட்டத்தான விட்டுட்டு வந்தேன், கட்சிய எதுக்கு விடணும்?" என்பார்.) தான் பேர் மாற்றி அடையாள அட்டை வாங்க அலைந்தபோது கூட வந்தவரின் கட்சிக்குச் செல்வி விசுவாசி. தங்கமோ, யாருக்கும் இல்லை என்கிற கடைசிப் பட்டனைத் தவிர வேறெதையும் அமுக்கியதில்லை. "அது ஒண்ணுதான் என்கிட்ட வந்து பொய் சொல்லல" என்பது அவள் கொள்கை. இதில் எந்தக் கட்சியும் பாண்டி அண்ணனுடையது இல்லை.

பட்டா அவர் பொறுப்பு, வேட்பாளர் வருகிற அன்று ஆரத்தியும் ஆசியும் எங்கள் பொறுப்பு என்று பேச்சு. பாண்டி அண்ணன் பத்தாயிரம் வாலா அனுப்பியிருந்தார். வாசலிலிருந்து தெரு முக்கு வரை விரித்தேன். தங்கம் கிட்டவே வரவில்லை.

"நாளெல்லாம் வெடிமருந்துல கெடக்கவ லீவு நாள்லயும் வெடி வைக்கணுமா? நீ லேபிள் அடிக்கிறவதான, நீயே வையி."

அம்மா ஆரத்தியைக் கரைத்து வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். "கரைச்சுத்தான் தருவேன். ஒன் ஆளுக்கு நான் சுத்த மாட்டேன்."

காலையில் வர வேண்டிய வண்டி உச்சி வெயில் வரை வரவில்லை. ஊதுபத்தியோடு முக்குக்கு ஓடினேன், வாசலுக்கு ஓடினேன், மறுபடி முக்குக்கு. ஊதுபத்தி தீரத் தீரப் புதிது கொளுத்தினேன். வாசலுக்குத் திரும்பிய நேரம் மேளம் கேட்டது. முந்தின நாள் பாண்டி அண்ணன் கூட்டத்துக்கு வாசித்த அதே செட்டு, அதே அடி. வந்துவிட்டார்கள் என்று திரியில் ஊதுபத்தியை வைத்தேன்.

(எலெக்‌ஷன் சீசனில் ஒரே மேள செட்டு காலையில் ஒரு கட்சிக்கும் சாயங்காலம் இன்னொரு கட்சிக்கும் வாசிக்கும். எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.)

முக்கு திரும்பி வந்தது பாண்டி அண்ணனுக்கு ஆகவே ஆகாத கட்சியின் வண்டி. அம்மாவுடைய அப்பாவின் கட்சி.

பற்றிக்கொண்ட சரத்தைக் கெஞ்சியா நிறுத்த முடியும்? தண்ணீருக்கு ஓடினேன். இருந்த ஒரே வாளியில் செல்வி சேலையை ஊறப்போட்டிருந்தாள். நான் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, புகைக்குள் அந்த வேட்பாளர் இருமிக்கொண்டே கும்பிட்டார். எங்கள் தெருவில் அந்தக் கட்சிக்கு யாரும் ஒரு ஊசிவெடிகூட வைத்ததில்லை. மனிதர் கண் கலங்கிவிட்டார். (புகையாகவும் இருக்கலாம்.)

கொடியைப் பார்த்ததும் அம்மா தட்டோடு பாய்ந்து வந்தார். சுற்றினார், பொட்டு வைத்தார், கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "எங்கய்யா கட்சி, எங்கய்யா கட்சி" என்று அழுதார். எனக்குப் பட்டா புகையோடு போவது தெரிந்தது.

வேட்பாளர் மைக்கைப் பிடித்தார். "திருநங்கைச் சகோதரிகள் ஓட்டு அனைத்தும் நமக்கே."

"என்னையச் சேக்காதீக, நான் கடைசிப் பட்டன்" என்றாள் தங்கம் வாசலில் நின்றபடி. மைக் செல்வி பக்கம் நீண்டது. "நான் எனக்குக் கார்டு வாங்கிக் குடுத்தவுகளுக்கு" என்றாள். தெரு முழுக்கக் கேட்டது. அந்த வண்டிக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்த பாண்டி அண்ணனுக்கும் கேட்டது.

அவர் வெடித்தாளை மிதித்துக்கொண்டு இறங்கி வந்தார். "அம்புட்டும் எங்களுக்குன்னு சொன்னியேம்மா. எங்க வெடிய அவுகளுக்கு வச்சிருக்க. நீங்கள்லாம் ஒரே கூட்டந்தான?"

அம்மாதான் பேசினார். "ஒண்ணாப் பொங்கித் திங்கிறோம் தம்பி. ஓட்டு அவளவ ஓட்டு. உங்க வீட்டம்மா யாருக்குப் போடுறாகன்னு உங்களுக்கு நெசமாத் தெரியுமா?"

பாண்டி அண்ணன் டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.

ஓட்டுப் போடும் நாளில் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றபோதுதான் உறைத்தது. எல்லார் ஓட்டையும் வாரிக் கொடுத்தவளுக்கு, தன் ஓட்டு யாருக்கு என்று யோசிக்கத் தோன்றவே இல்லை. அதிகாரி இருமும்வரை நின்றேன். யாருக்குப் போட்டேன் என்பதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

தங்கத்தோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தயவில், இப்போது விஸ்வநத்தத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பட்டா இன்னும் வரவில்லை. முன்பு ஒரு கட்சி தருவதாகச் சொன்ன பட்டாவை இப்போது எல்லாக் கட்சிகளும் தருவதாகச் சொல்கின்றன. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை அம்மா வாசலிலேயே நிறுத்தி, எங்கள் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட வைக்கிறார்.

நான் மட்டும் தப்பவில்லை. காப்பி போடலாம் என்று அடுப்பங்கரையில் தீப்பெட்டியை எடுத்தால் போதும், வீட்டின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து குரல் வரும்.

"ஏ ரேணு, வண்டி யாருதுன்னு பாத்துட்டுப் பத்தவையி."