அளவு ஜாக்கெட்டும் அரசாங்க நாற்காலியும்

செம்பாக்கம்,
புதன்கிழமை.

அன்புள்ள மச்சான் அக்தருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா குல்ஷனும் சுகம். பொத்தேரியில் நீயும் உன் வீட்டாரும் உன் மெஸ்ஸில் சாப்பிடும் காலேஜ் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். விஷயம் ரகசியம். ஒரு கேள்விக்கு உன் அக்கா ஒரு பதில் சொல்லியிருக்கிறாள். அது என்னவென்று தெரியாமல் எனக்கு மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. இறங்குகிறது, ருசிக்கவில்லை.

உனக்குத் தெரியாதது இல்லை. சின்ன வயதில் போலியோ வந்த காலோடு ஊன்றுகோல் பிடித்து ஊரெல்லாம் சுற்றியவள், நான்கு வருஷத்துக்கு முன்னால் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறாள், வாசலைத் தாண்டவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் உபகரணம் கொடுக்கிற முகாம் தாம்பரத்தில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். அங்கே ஸ்நேகா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். உன் அக்காவைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். குளிக்க எப்படிப் போகிறீர்கள், நான் சொன்னேன். கையில் பலம் இருக்கிறதா, நான் சொன்னேன். வலி உண்டா என்றதற்கும் இல்லை என்று நான்தான் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சார், மேடத்தோட ஆதார் இன்னொரு ஜெராக்ஸ் வேணும், எடுத்துட்டு வந்துடறீங்களா?” என்றாள். ஓடினேன். வெயிலில் மூன்று கடை ஏறி இறங்கித் திரும்பி வந்து பார்த்தால், ஃபைலில் ஏற்கெனவே இரண்டு ஜெராக்ஸ் இருக்கிறது, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், ஃபாரத்தில் ‘பேட்டரி சக்கர நாற்காலி’ என்று எழுதியாகிவிட்டது.

“தள்ளுறதுக்கு நான் இருக்கேனேம்மா, பேட்டரி எதுக்கு?” என்றேன். “நாற்காலி கிடைச்சா முதல்ல எங்க போகணும்னு கேட்டேன் சார். சொன்னாங்க. அதுக்கு இதுதான் சரி” என்றாள். எங்கே என்றேன். “அது அவங்க பதில் சார்.” ஆட்டோவில் கேட்டேன், வீட்டில் கேட்டேன், மீன் குழம்பு நன்றாக அமைந்த ஒரு மத்தியானம் நல்ல மூடில் இருக்கிறாள் என்று பார்த்துக் கேட்டேன். “போகும்போது தெரியும்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. உன் வீட்டுக்கா? உன் வீட்டுக்கு வருவதில் என்ன ரகசியம்? ஏரிக்கரைக்கா? அங்கே போய் என்ன பார்ப்பாள்? ஆஸ்பத்திரி என்றால் என்னிடம் சொல்லியிருப்பாளே!

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். நாற்காலி வர மூன்று மாதம் ஆகும், அது வந்ததும் வீட்டுக்கு ஆள் வந்து பார்த்து, வாசலில் சாய்தளம், பாத்ரூம் கதவு எல்லாம் அரசாங்கச் செலவிலேயே செய்து தருவார்கள், அதுவரை எதையும் இடிக்காதீர்கள் என்று ஸ்நேகா சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் நாற்பது வருஷம் லேடீஸ் டெய்லராக இருந்தவனுக்கு இன்னொருவன் வந்து அளவெடுப்பதா? நம் ‘குல்ஷன் லேடீஸ் டெய்லர்’ கடையில் ஒரு பெண்பிள்ளை மேல் நான் நாடா வைத்ததில்லை என்பது உனக்கே தெரியும். அளவு ஜாக்கெட் கொண்டு வா, அதை வைத்து வெட்டுகிறேன். அதுதான் மரியாதை, அதுதான் என் தொழில். அதே முறையில் பக்கத்து வீட்டு ஜீவரத்தினம் டீச்சரிடம் போய், அவருடைய அம்மா உபயோகித்துப் பரணில் போட்டிருந்த தள்ளு நாற்காலியை அளவுக்கு வாங்கி வந்தேன். அகலம் இருபத்திரண்டு இஞ்ச். பக்கத்துக்கு ஒரு இஞ்ச் லூஸ். ஆக மொத்தம் இருபத்து நான்கு. வாசலில் சாய்தளம் இருபத்து நான்கு, அவள் சாய்ந்து விழக்கூடாதே என்று இரண்டு பக்கமும் இடுப்புயரச் சுவர். கொத்தனார் கதிரேசன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “பாய், வர்ற சேரு இன்னா சைஸுன்னு தெரியாம ரெண்டு பக்கமும் செவுரு வெக்க சொல்றீங்களே, நாளிக்கு மாட்டிக்கினா என்னிய சொல்லாதீங்கோ” என்றார். அளவு ஜாக்கெட் பார்த்து வெட்டியது எங்கேயாவது தப்பியிருக்கிறதா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

திங்கட்கிழமை நாற்காலி வந்தது. மச்சான், என்ன அருமையான சாமான் தெரியுமா! கைப்பிடியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குச்சி, அதைச் சாய்த்த பக்கம் போகிறது, விட்டால் நிற்கிறது. அடியில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று தரையில் படுத்துப் பார்த்தேன். ஹார்ன் கூட இருக்கிறது. நாடா வைத்துப் பார்த்தேன். இருபத்தாறு இஞ்ச். மறுபடி அளந்தேன். நாற்காலி சுருங்கவில்லை.

இருந்தாலும் இரண்டு இஞ்ச்தானே, கொஞ்சம் அழுத்தினால் நுழையும் என்று நேற்றுக் காலை நானே ஏறி உட்கார்ந்து சாய்தளத்தில் விட்டேன். மேலே தொடக்கத்தில் சுவர் கொஞ்சம் விரிந்திருந்ததால் பாதி தூரம் போனது, அப்புறம் இரண்டு சக்கரமும் இரண்டு சுவரிலும் கவ்விக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, எழுந்திருக்கலாம் என்றால் முழங்கை இடுக்கில் மாட்டி ஹார்ன் மேல் அழுந்திக்கொண்டது. தெருவே கூடிவிட்டது. ஜீவரத்தினம் டீச்சர் பதறி ஓடி வந்து, “ஐயோ பாய், உங்களுக்கு எப்ப இப்படி ஆச்சு?” என்கிறார். உன் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நான்கு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. கதிரேசன் வந்து சுவரில் நான்கு செங்கல்லைப் பெயர்த்து என்னை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆகையால் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு இஞ்சில் சாதாரணத் தள்ளு நாற்காலி கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். தள்ள நான் இருக்கிறேன். எனக்கும் பொழுது போகும். விண்ணப்பத்தில் அவள் கையெழுத்து வேண்டும், போடமாட்டேன் என்கிறாள். நீ ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து தம்பி என்ற உரிமையில் நல்ல வார்த்தை சொல்லிக் கையெழுத்து வாங்கித் தரவேண்டும். அப்படியே எங்கே போகவேண்டும் என்று அந்த ஸ்நேகாவிடம் சொன்னாள் என்பதையும் உன் அக்கா வாயாலேயே நைசாகக் கேட்டு வாங்கிவிடு. வெளியே போக இந்த வீட்டில் வேறு வழியே கிடையாது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ, மெஸ்ஸுக்கு பரக்கத். கடிதம் கண்டதும் கிளம்பும் நாளைத் தெரியப்படுத்து, ஆனால் எனக்கு மட்டும்.

வஸ்ஸலாம்,
உன் மச்சான்
அமீருதீன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதில் ஸலாமையும் துஆவையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடு. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் வீட்டில் குல்ஷன் இல்லை, நாற்காலியும் இல்லை, கட்டிலோரம் வாக்கர் மட்டும் நிற்கிறது. பின்பக்கம் ஓடினேன். வாஷிங் மெஷின் நுழையட்டும் என்று நானே அகலமாக வைத்து, நானே மறந்துபோன கதவு திறந்து கிடக்கிறது. அரையடிப் படி மேல், கடையை ஒப்படைத்தபோது எடுத்து வந்த என்னுடைய ஆறடி கட்டிங் பலகை சரிவாகக் கிடக்கிறது, அசையாமல் இருக்கச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் கதிரேசன் பீடி பிடிக்கிறார். “அக்காதான் காலையிலயே போன் போட்டாங்கோ பாய். எவ்ளோ சரிவுன்னு அந்த தெரபி பொண்ணு கைல கேட்டு கரீட்டா சொன்னாங்கோ. நீங்க உள்ள குந்திக்கினு லெட்டர் எழுதிக்கினு இருந்தீங்கோ, தொந்தரவு பண்ண வாணாம்னாங்கோ.”

ஆறேகாலுக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு ரசீது. மெயின் ரோட்டில் புதிதாக வந்திருக்கிற லேடீஸ் டெய்லர் கடை ரசீது! ஸ்நேகாவிடம் சொன்ன பதில் அதுதானாம், ‘வேற டெய்லர்கிட்ட.’ என் கடைக்கு வைத்திருந்தது யார் பேர்? கோபத்தில் அவளிடமே கத்திக் கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “எனக்கு நீங்க தைக்கிறது எல்லாமே நம்ம கல்யாண ஜாக்கெட் அளவு. வாக்கரைத் தூக்கித் தூக்கி தோள் எப்படி ஆயிருக்கு பாருங்க. நாலு வருஷமா கையை மேல தூக்கினா தையல் பிடிக்குது. ஒரு தடவையாவது என்னை அளந்து பார்த்தீங்களா?”

தோள் எத்தனை என்று கேட்டேன். பதினாறு இஞ்சாம். என் அளவு ஜாக்கெட்டில் பதினான்கு. மச்சான், அதே இரண்டு இஞ்ச். அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். விண்ணப்பத்தைக் கிழித்தாயிற்று. நாளைக் காலை கதிரேசன் முன்பக்கச் சுவரை இடிக்கிறார், வீட்டை அளக்க ஸ்நேகா ஆளோடு வருகிறாள், நான் ஜெராக்ஸ் எடுக்கப் போவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் அக்காவே தபால் பெட்டியில் போடுகிறாளாம், அதற்கு முன் படித்தும் விட்டாள். ஜாக்கெட் வெள்ளிக்கிழமை டெலிவரி. நானும் வரட்டுமா என்று கேட்டேன். வரலாமாம், பின்னால் நடந்து. தள்ளக் கூடாதாம்.