கிழிந்த நோட்டுக்கு மோட்சம்

இந்திய ரூபாயை அச்சடிப்பது அரசாங்கம். அதற்கு மோட்சம் கொடுப்பது ஆவடியைத் தாண்டி இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில். இந்த மகத்தான சேவையைப் பற்றி எந்தப் பேப்பர்காரனும் எழுதாததால், பங்குப் பேரவைச் செயலாளராகிய நானே எழுத வேண்டியிருக்கிறது.

எண்பத்தொன்பதில் ஊரெல்லாம் கிழிசல் நோட்டு. கண்டக்டர் வாங்க மாட்டான், காய்கறிக்காரி மூஞ்சியிலேயே விட்டெறிவாள். பேங்கில் மாற்றலாம்தான், அதற்கு அரை நாள் லீவு போட வேண்டும். ஆகவே எங்கள் விசுவாசிகள் அந்த நோட்டையெல்லாம் பத்திரப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான்காக மடித்து, கண்ணை மூடிக்கொண்டு காணிக்கைப் பையில் போட்டார்கள். அடடா, என்ன பக்தி!

சேர்ந்ததை என்ன செய்வது? பேரவை கூடியது. கோயிலுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் பொருளாளர் செபாஸ்டியன் தொண்டையைக் கனைத்தார்.

"ஏழைங்களுக்குக் கொடுத்துடலாம்."

"நல்ல நோட்டையா?" பதறிப்போனேன்.

"சேச்சே, இதைத்தான்!"

ஏகமனதாக நிறைவேறியது.

முதல் 'பயனாளி' லூர்தம்மாள். பாக்டரி குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவள். மகளுக்கு மூச்சிரைப்பு, மருந்துக்குக் காசில்லை. பூசை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் செபாஸ்டியன் தம் கையாலேயே ஐம்பது ரூபாய்க்குக் கிழிசல் நோட்டுக் கட்டைக் கொடுத்தார். போட்டோவும் எடுத்தோம்.

அவள் நேரே மருந்துக்கடைக்கு ஓடினாள். அதற்குள் செபாஸ்டியன் கல்லாவுக்கு வந்துவிட்டார். மருந்தை எடுத்து வைத்துவிட்டு நோட்டை விரித்துப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா. கோயில்ல போட்டுடு."

"இன்னா அண்ணாத்தே, கோயில்ல நீதானே குட்த்தே!"

"அங்க நான் பொருளாளர். இங்க ஓனர். வேற குடு."

"புள்ள மூச்சு வுட முடியாம கீது. வேறதுக்கு நான் எங்க போவேன்?" மருந்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "துட்ட நீயே கோயில்ல போட்டுக்கோ. சாமி உன் கணக்குல வெச்சிக்கும்."

விறுவிறுவென்று போயே விட்டாள். பிள்ளையும் பிழைத்துக்கொண்டது.

செபாஸ்டியன் அப்படியே செய்தார். அடுத்த ஞாயிறு அந்த ஐம்பதையும் பையில் போட்டார். அந்த மாதத்தின் மிகப்பெரிய காணிக்கை என்று அவர் பெயரை நான்தான் வாசித்தேன். கோயிலே கைதட்டியது.

அன்று மாலையே பேரவை அவசரமாகக் கூடி இன்னொரு தீர்மானமும் போட்டது. செல்லாத நோட்டைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டு மருந்தைத் தூக்கிக்கொண்டு போன லூர்தம்மாள் ஒரு மோசடிக்காரி. இனி அவளுக்கு உதவி கிடையாது.

அதே நோட்டை வருஷம் முழுக்க ஆண்டவர் தலையிலேயே கட்டியவர்கள் நாங்கள். எங்களுக்குப் பெயர் விசுவாசிகள்.