கோமுகி மோட்டார்ஸின் நான்கு நிமிடச் சாதனை

உலக மோட்டார் தொழிலின் தலைநகரம் எது என்று கேட்டால் விவரம் தெரியாதவர்கள் ஜப்பான் பக்கம் கையைக் காட்டுவார்கள். உண்மையில் அது கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரிகிற எங்கள் கரும்பு அலுவலகத்தில், கரும்பு அலுவலர் அறிவுச்செல்வன் அவர்களின் மேசைமேல் இருக்கிறது. நீளம் அரை அடி. சார்ஜர் தனி.

அவருடைய போனில் கார் கம்பெனி நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. இரும்பு வாங்கி, தொழிற்சாலை கட்டி, கார் செய்து, வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கம்பெனிக்கு எங்கள் ஊர் ஆற்றின் நினைவாக 'கோமுகி மோட்டார்ஸ்' என்று பெயர் வைத்தோம். சின்னக் கார் 'மணிமுக்தா', மலையேறும் ஜீப் 'கல்வராயன்'. சார்தான் சேர்மன். எழுத்தராகிய நான் 'உற்பத்தி இயக்குநர்'. சம்பளம் என்னவோ கரும்புக்கு வெட்டு உத்தரவு எழுதத்தான் தருகிறார்கள். அந்தச் சின்ன விஷயத்தை இங்கே பெரிதுபடுத்த வேண்டாம்.

வெட்டு உத்தரவு என்பது ஒரு துண்டுக் காகிதம். அது கைக்கு வந்தால்தான் விவசாயி கரும்பை வெட்டிச் சர்க்கரை ஆலைக்கு அனுப்பலாம். அதுவரை கரும்பு வயலில் நிற்கும். நிற்பது கரும்பின் இயல்பு, அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

அன்று பத்தரை மணிக்கு 'இயக்குநர் குழுக் கூட்டம்' நடந்துகொண்டிருந்தபோது பாப்பாத்தி என்கிற விவசாயி வந்தார். மூன்று ஏக்கர் கரும்பு. எங்களிடம் இது அவருக்கு ஐந்தாவது நடை.

"சார், பதினாலு மாசம் ஆவுதுங்க. கரும்பு பூ விட்டுடுச்சி. சாறு வத்திக்கினே போவுது. கெணத்துலயும் தண்ணி இல்ல. இன்னும் பத்து நாள் போச்சின்னா அடுப்புக்குத்தான் ஆவும்."

சார் நிமிரவில்லை. பாவம், அவருக்கு என்ன கவலையோ.

"ஏழாயிரம் ஜீப்பு யார்டுல நின்னுக்கினு இருக்குது. வாடிக்கையாளர் திருப்தி முப்பத்தெட்டுக்கு எறங்கிடுச்சி. இன்னாய்யா பண்ணலாம்?" என்றார்.

கேள்வி எனக்கு. ஆனால் பாப்பாத்தி எட்டிப் பார்த்தார். நானும் பெருந்தன்மையோடு விளக்கினேன். அவர் வயலைப் பார்ப்பதுபோல் கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வண்டி நிக்குது. அந்தப் பக்கம் ஜனம் காத்துக்கினு கீறாங்க. நடுவுல நீங்க ஏதோ அமுக்கணும் போலக்கீதே சார்?"

பார்த்தால் 'அனுப்புக' என்ற பொத்தானைச் சார் மூன்று நாளாக அழுத்தவே இல்லை. அழுத்தினார். ஜீப்புகள் சாரைசாரையாகக் கிளம்பின. திருப்தி தொண்ணூற்றொன்று. சார் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"பாத்தியாய்யா, ஜனங்கள காக்க வெக்கறது மகா பாவம்" என்றார் என்னிடம்.

"அப்போ என் உத்தரவுங்க?" என்றார் பாப்பாத்தி.

"அது வரிசைப்படிதாம்மா வரும்" என்றார் சார்.

"எனக்கு முன்னால எத்தினி பேருங்க கீறாங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் வரிசைப் பதிவேட்டின்மேல்தான் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். பதிவேட்டை உருவினால் தொழிற்சாலையே கவிழ்ந்துவிடும். ஆகவே, "நெறைய பேரு" என்றேன்.

"வேற வழியே இல்லிங்களா?"

பொதுமக்களுக்கு விதிகளை எடுத்துச்சொல்வது எழுத்தரின் கடமை. "எரிஞ்ச கரும்புக்கு மட்டுந்தாம்மா வரிசை கெடையாது. தீப்புடிச்சா சோகை எலதான் எரியும், ஆனா சாறு சீக்கிரம் கெட்டுடும்னு அன்னைக்கே உத்தரவு. எடையில கொஞ்சம் கழிப்பாங்க" என்றேன். தகவலுக்காகத்தான் சொன்னேன்.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

பாப்பாத்தி வயல் பக்கமாக நடையைக் கட்டினார். நாங்கள் 'மணிமுக்தா'வுக்கு என்ன நிறம் அடிப்பது என்ற விவாதத்துக்குத் திரும்பினோம்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது ஜன்னலில் மலை தெரியவில்லை. புகை. "ஜன்னல சாத்துய்யா, ஸ்கிரீனே தெரில" என்றார் சார். சாத்தினேன்.

மூன்று மணிக்குப் பாப்பாத்தி வந்தார். புடவை முந்தானை கருகியிருந்தது. புருவத்தில் பாதி இல்லை.

"எரிஞ்சிடுச்சிங்க" என்றார்.

படிவத்தை எடுத்தேன். 'தீ விபத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பீடி என்று போடலாமா, மின்கம்பி என்று போடலாமா என்று அவருக்கு உதவுகிற எண்ணத்தில் யோசித்தேன்.

"நாந்தான் வெச்சேன்னு எழுதிக்கிங்க" என்றார் பாப்பாத்தி. "காஞ்ச சோகையில ஒரே ஒரு தீக்குச்சி. பதினாலு மாசம் தண்ணி கட்டுன கையிங்க இது. வயிறு எரியுது சார். கரும்பு கூட அவ்ளோ எரியல."

'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். உள்ளே வந்ததிலிருந்து உத்தரவு வாங்கியதுவரை மொத்தம் நான்கு நிமிடம். பாப்பாத்தி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான்கு நிமிடச் சேவையை மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்பினோம். பாராட்டுக் கடிதம் வந்தது; அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

விளையாட்டைச் செய்தவர்களுக்கும் நான் ஒரு குறை எழுதிப் போட்டிருக்கிறேன். அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்குப் பொறுமை போதாது. நாலு நாள் காக்கவைத்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். தன் பொருளைத் தானே கொளுத்திவிட்டு வந்து, கையெழுத்து வாங்கி, கும்பிட்டுவிட்டும் போகிற வாடிக்கையாளர் அந்த விளையாட்டில் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்டவரை உருவாக்க எங்கள் அலுவலகம்தான் வேண்டியிருக்கிறது.