மச்சான் பாட்டும் மக்கர் வண்டியும்

கார் சாவியைத் திருகினால் இன்ஜின் ‘கிர்ர்ர்’ என்று சுற்றியது. பற்றிக்கொள்ள மட்டும் மறுத்தது. கணக்காளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை.

அவருடைய மச்சானுக்கு ஐம்பது வயதில் சங்கீதப் பைத்தியம் பிடித்திருந்தது. இன்றைக்கு அவர் வீட்டில் கச்சேரி. வரமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லக் கணக்காளருக்குத் தைரியமில்லை. அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான் காலையில், அவள் கண்ணில் படாத நேரம் பார்த்து, பானெட்டைத் திறந்து ஒரு வயரைப் பிடுங்கிவிட்டார்.

“என்னங்க ஆச்சு?” என்றபடி மனைவி வந்தாள்.

“எல்லாம் எலெக்ட்ரானிக்கும்மா. இன்ஜின் சுத்தறதை ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். உடனே கம்ப்யூட்டர் காயிலுக்கு உத்தரவு போடும். காயில் வோல்டேஜை எக்கச்சக்கமா ஏத்தி பிளக்குக்கு அனுப்பும். அங்க பொறி பறந்தாத்தான் பெட்ரோல் எரியும். இதுல ஒருத்தர் வாயை மூடிக்கிட்டாலும் வண்டி கட்டைதான்.”

“ஐயோ, அண்ணன் வாசல்லயே நிப்பானே! இருங்க, மெக்கானிக்கைக் கூப்பிடறேன்.”

மெக்கானிக் வந்தால் குட்டு உடைந்துவிடும். அவள் உள்ளே போனதும் கணக்காளர் ஓடிப்போய் வயரைப் பழையபடி செருகினார். பாட்டைக் கேட்டுத் தொலைக்கலாம், மானமாவது மிஞ்சும்.

சாவியைத் திருகினார். கிர்ர்ர். மறுபடி கிர்ர்ர். பற்றவில்லை.

பதறிப்போய் கையில் அகப்பட்ட வயரையெல்லாம் கழற்றி, ஊதி, மாட்டினார். விடாமல் திருகியதில் பேட்டரியும் படுத்துவிட்டது. இப்போது ‘கிர்’கூட இல்லை.

தெருமுனை மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இன்னைக்கு ஆகாதும்மா.”

மனைவி போனில் தழுதழுத்தாள். “அண்ணா, உன் பாட்டைக் கேக்க எனக்குக் குடுத்து வைக்கலையே!” கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கணக்காளருக்கு மனசு கேட்கவில்லை. மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, பாவி நான்தான் சென்சார் வயரைப் பிடுங்கினேன். திரும்ப மாட்டியும் ஓடலை. வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க!”

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ஃபியூஸை எடுத்து நீட்டினார்.

“வயரை நீங்க சரியாத்தான் மாட்டியிருக்கீங்க சார். வண்டி கிளம்பவே கூடாதுன்னு காலையிலயே இந்த ஃபியூஸைக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டுப் போனது உங்க வீட்டம்மா. அண்ணன் பாட்டை அவங்களாலயும் தாங்க முடியலையாம்!”